பிலிம் ஒளிப்படக்கலையின் வீழ்ச்சியும் மீட்சியும்

பிலிம் எனப்படும் படச்சுருளில் ஒளிப்படம் எடுக்கும் முறை, நூறாண்டுக்கும் மேலாக உலகெங்கும் வழக்கில் இருந்தது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் டிஜிட்டல் கேமராக்களும், அவற்றைத் தொடர்ந்து கைப்பேசிக் கேமராக்களும் அதன் இடத்தைப் பிடித்தன. சில ஆண்டுகளுக்குள் பல படச்சுருள் ஆலைகள் மூடப்பட்டன. தெருமுனை ஸ்டுடியோக்களில் இருந்த இருட்டறைகள் பொருள் வைக்கும் அறைகளாக மாறின. ஆனால் 2010-க்குப் பின் படச்சுருளை நாடுவோர் மீண்டும் பெருகினர். தொழிலுக்காகப் படம் எடுப்போரைவிட, பொழுதுபோக்காகப் படம் எடுப்போரே அவர்களில் மிகுதி. படச்சுருள் வழக்கில் இருந்த காலத்தைக் கண்டிராத இளைஞர்கள் பலரும் அவர்களுள் அடங்குவர்.

ஒரு பொருளைப் பலர் விரும்புகிறார்கள் என்பதற்காக மட்டும் அது மீண்டும் சந்தைக்கு வந்துவிடுவதில்லை. அதைச் செய்யும் எந்திரமும், மூலப்பொருளும், செய்முறை அறிந்த தொழிலாளரும் எஞ்சியிருக்க வேண்டும். எந்தப் படச்சுருள் திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதை இந்த மூன்றும் சேர்ந்தே முடிவு செய்தன. உதகமண்டலத்தில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் வரலாறும் இதற்கு ஒரு சான்றாகும்.

படச்சுருள் செயல்படும் விதம்

வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலுடன் பொட்டாசியம் புரோமைடைச் சேர்த்தால் வெள்ளி புரோமைடு வீழ்படிவாகக் கிடைக்கும் என்பது பள்ளி வேதியியலில் படிக்கும் பாடம். இந்த உப்பின் மீது ஒளி பட்டால் அது சிதையத் தொடங்கும். ஒளிப்படக்கலை முழுவதும் இந்த ஒரு பண்பின் மீதே நிற்கிறது.

வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களை ஜெலட்டினில் கலந்து, ஒளி ஊடுருவும் மெல்லிய தகட்டின் மீது பூசினால் படச்சுருள் உருவாகும். கேமராவின் மூடி நொடியின் ஒரு சிறு பகுதி நேரம் திறந்து மூடும்போது, ஒளி பட்ட படிகங்களில் சில வெள்ளி அணுக்கள் பிரிகின்றன. அந்த நிலையில் படம் கண்ணுக்குத் தெரியாது. உருத்துலக்கி எனப்படும் டெவலப்பர் கரைசலில் இட்டால், ஒளி பட்ட படிகங்கள் முழுமையாக வெள்ளியாக மாறிக் கருமையாகத் தெரியும். பின்னர் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசல், ஒளி படாத உப்பைக் கரைத்து நீக்கிவிடும். எஞ்சுவதே நெகட்டிவ். வெளிச்சமான இடம் அதில் கருப்பாகவும், இருண்ட இடம் தெளிவாகவும் இருக்கும்.

கொள்கை எளிது என்றாலும் தயாரிப்பு மிகக் கடினம். பூச்சு ஒரே சீரான கனத்தில் அமைய வேண்டும். வேலை முழுவதும் இருட்டில் நடக்க வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் தெரியும். வண்ணப் படச்சுருளில், சிவப்பு, பச்சை, நீல ஒளிகளுக்கெனத் தனித்தனியான பூச்சுகளும், அவற்றைப் பிரிக்கும் இடைப்பூச்சுகளும் அடுக்கடுக்காக இருக்கும். இத்தனை அடுக்குகளின் மொத்தக் கனம் மனிதத் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு.

மூலப்பொருளின் நுட்பத்துக்கு ஒரு நிகழ்ச்சி உதாரணமாகும். 1920-களில் கோடாக் நிறுவனத்தில், சில தொகுதி ஜெலட்டினில் செய்த படச்சுருள் ஒளியை நன்றாக உணர்ந்தது, வேறு சில தொகுதிகளில் செய்தது மந்தமாக இருந்தது. ஜெலட்டின், மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட், நல்ல ஜெலட்டினில் மிகச் சிறிய அளவு கந்தகச் சேர்மங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். மாடுகள் மேய்ந்த கடுகு வகைச் செடிகளிலிருந்து அவை வந்திருந்தன. மாடு என்ன தின்றது என்பதுகூடப் படத்தின் தரத்தைப் பாதிக்கும் தொழில் இது. இத்தகைய அறிவு ஏட்டில் உள்ளதைவிடத் தொழிலாளரின் அனுபவத்தில்தான் மிகுதியாக இருக்கும்.

வளர்ச்சிக் காலம்

1888-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஈஸ்ட்மேன், கோடாக் என்ற பெயரில் ஒரு பெட்டிக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் விலை 25 டாலர். நூறு படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. படங்களை எடுத்து முடித்ததும் கேமராவையே ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். ஆலையில் படங்களைக் கழுவி, அச்சிட்டு, புதிய சுருளைப் பொருத்தித் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் வந்த பிரவுனி கேமராவின் விலை ஒரு டாலர் மட்டுமே. சாதாரணக் குடும்பங்களும் படம் எடுக்கலாம் என்ற நிலை அதன் பிறகே உருவானது.

1925-இல் ஜெர்மனியின் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் லைக்கா கேமரா அறிமுகமானது. திரைப்படத்துக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் அகலச் சுருளையே ஒளிப்படத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற ஆஸ்கர் பர்னாக்கின் எண்ணத்தில் பிறந்த கேமரா அது. 1934-இல் கோடாக் அந்தச் சுருளைச் சிறு உலோக உறையில் அடைத்து விற்கத் தொடங்கியது. இன்றும் கடைகளில் கிடைக்கும் 36 படச் சுருள், அதன் வழி வந்ததே. 1935-இல் கோடாக்ரோம் என்னும் வண்ணப் படச்சுருள் வெளிவந்தது. 1948-இல் எட்வின் லேண்ட் உருவாக்கிய போலராய்டு உடனடிக் கேமரா பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களுக்கு அறிமுகமான கேமராக்களில் அக்பா கிளிக்-3 முக்கியமானது. 120 வகைச் சுருளில் 12 சதுரப் படங்களே அதில் எடுக்க முடியும். திருமணம், காதுகுத்து, சுற்றுலா என ஒரு சுருளைப் பல மாதங்கள் வைத்திருந்து எடுத்து முடிப்பது வழக்கம். அதன் பிறகே ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி, பிரிண்ட் போடுவார்கள்.

வீழ்ச்சி

படச்சுருளின் இடத்தைப் பிடித்த டிஜிட்டல் கேமரா, படச்சுருள் நிறுவனமான கோடாக்கிலேயே பிறந்தது. 1975-இல் அங்குப் பணியாற்றிய பொறியாளர் ஸ்டீவன் சாசன், பத்தாயிரம் படப்புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு கருவியைச் செய்தார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அது 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இத்தொழில்நுட்பம் மலிவானது, தரமும் உயர்ந்தது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி உச்சத்தில் இருந்த படச்சுருள் விற்பனை, அதன் பின் வேகமாகச் சரிந்தது. போலராய்டு நிறுவனம் 2001-இல் திவாலானது. 2004-இல் இங்கிலாந்தின் இல்போர்டு நிறுவனமும், 2005-இல் ஜெர்மனியின் அக்பாபோட்டோ நிறுவனமும் அதே நிலையை அடைந்தன. 2006-இல் ஜப்பானின் கோனிகா மினோல்டா ஒளிப்படத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனமும் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

இச்சரிவில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. படச்சுருள் ஆலைகள் மிகப் பெரிய அளவில் உற்பத்தி செய்வதற்காக அமைக்கப்பட்டவை. விற்பனை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், உற்பத்தியையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓட்டும்படி அவை வடிவமைக்கப்படவில்லை. அதனால் வாங்குவோர் இன்னும் இருந்தபோதே பல ஆலைகள் மூடப்பட்டன.

தப்பிய ஆலைகள்

மோபர்லி: ஆல்பிரட் ஹார்மன் 1879-இல் தொடங்கிய இல்போர்டு நிறுவனம், கருப்பு வெள்ளைப் படச்சுருளுக்கும் அச்சுத் தாளுக்கும் பெயர் பெற்றது. அது திவாலானபோது, இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் மோபர்லியில் இருந்த ஆலையை அதன் மேலாளர்கள் ஆறு பேர் சேர்ந்து 2005-இல் வாங்கினர். நிறுவனருக்கு மதிப்பளித்து ஹார்மன் டெக்னாலஜி என்று பெயரிட்டனர். வாங்கியவர்கள் அந்த ஆலையில் பணியாற்றி அதன் எந்திரங்களை அறிந்தவர்கள். கருப்பு வெள்ளையை மட்டும் செய்வது, சிறிய சந்தைக்கு ஏற்ற அளவில் செய்வது என்று முடிவெடுத்தனர். அந்த ஆலை இன்றும் இயங்குகிறது. 2023 டிசம்பரில் ஹார்மன் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் தன் முதல் வண்ணப் படச்சுருளையும் அது வெளியிட்டது.

என்ஸ்கெடே: உடனடிப் படச்சுருள் தயாரிப்பை நிறுத்துவதாகப் போலராய்டு 2008 பிப்ரவரியில் அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த ஆலையின் எந்திரங்கள் பழைய இரும்பாகப் போகவிருந்தன. வியன்னாவைச் சேர்ந்த புளோரியன் காப்ஸ், ஆலையில் பொறுப்பில் இருந்த ஆந்த்ரே போஸ்மன் ஆகியோர் எந்திரங்களை வாங்கி, ஆலையின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தனர். முன்னாள் ஊழியர் பத்துப் பேர் அவர்களுடன் சேர்ந்தனர். தம் முயற்சிக்கு, 'முடியாதது' என்னும் பொருள்பட இம்பாசிபிள் புராஜெக்ட் என்று பெயரிட்டனர்.

எந்திரங்கள் கிடைத்தன, ஆட்களும் கிடைத்தனர், மூலப்பொருள்கள் கிடைக்கவில்லை. போலராய்டு பயன்படுத்திய வேதிப்பொருள்கள் பலவற்றின் தயாரிப்பு ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. ஆகவே படச்சுருளின் வேதியியலைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. 2010-இல் வெளிவந்த முதல் படச்சுருள் குறைகள் நிறைந்தது. கேமராவிலிருந்து வெளியே வரும் படத்தை உடனே வெளிச்சத்திலிருந்து மறைக்க வேண்டும். வெப்பநிலை சற்று மாறினாலும் நிறம் மாறிவிடும். ஆயினும் பழைய கேமராக்களை வைத்திருந்தவர்கள் அதை விலை கொடுத்து வாங்கினர். குறைகள் ஆண்டுதோறும் குறைந்தன. 2017-இல் இம்பாசிபிள் நிறுவனத்தின் முதன்மைப் பங்குதாரர் போலராய்டு என்ற வணிகப் பெயரின் உரிமையையே வாங்கினார். பழைய நிறுவனம் கைவிட்ட ஆலையே இன்று அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெரானியா: இத்தாலியின் லிகூரியா பகுதியில் உள்ள பெரானியா ஆலை, முதல் உலகப்போர்க் காலத்தில் வெடிமருந்து ஆலையாக இருந்து, பின்னர் படச்சுருள் ஆலையாக மாறியது. மூடப்பட்ட அந்த ஆலையின் எந்திரங்களை இடிபாட்டிலிருந்து காப்பதற்காக, 2014-இல் ஒரு சிறு குழு இணையம் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. மூன்று லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வண்ண ஸ்லைடு படச்சுருள் தருவதாகச் சொல்லித்தான் நிதி திரட்டினர். ஆனால் 2017-இல் அவர்களால் கொண்டுவர முடிந்தது பி-30 என்னும் பழைய கருப்பு வெள்ளைப் படச்சுருளையே. அறுந்துபோன வண்ணப்படத் தொழில்நுட்பத்தை மீண்டும் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

திரும்பாத கோடாக்ரோமும் திரும்பிய எக்டாக்ரோமும்

கோடாக் நிறுவனத்தின் ஸ்லைடு படச்சுருள்களில் இரண்டு புகழ்பெற்றவை. ஒன்று கோடாக்ரோம், மற்றொன்று எக்டாக்ரோம். இரண்டுமே நிறுத்தப்பட்டன, ஒன்று மட்டும் திரும்பி வந்தது.

கோடாக்ரோம் படச்சுருளில் நிறமூட்டும் பொருள் எதுவும் கிடையாது. கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறமாகச் சேர்க்க வேண்டும். அதற்குப் பல கட்டங்கள் கொண்ட செய்முறையும், விலையுயர்ந்த எந்திரமும், தேர்ந்த வேதியியலரும் தேவை. விற்பனை குறையக் குறைய, அதைக் கழுவித் தரும் ஆய்வகங்களும் ஒவ்வொன்றாக மூடின. 2009-இல் கோடாக் தயாரிப்பை நிறுத்தியது. அப்போது உலகில் எஞ்சியிருந்தது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்த டுவெய்ன்ஸ் போட்டோ என்ற ஒரே ஆய்வகம். அதுவும் 2010 டிசம்பர் இறுதியில் இப்பணியை முடித்துக்கொண்டது. ஆலையிலிருந்து வந்த கடைசிக் கோடாக்ரோம் சுருளை ஒளிப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி பயன்படுத்தினார். அதன் 36 படங்களில் சில இந்தியாவில் எடுக்கப்பட்டவை. கோடாக்ரோம் சுருள் இன்று யாரிடமேனும் கழுவப்படாமல் இருந்தால், அதிலிருந்து பழைய வண்ணங்களைப் பெற வழியில்லை. கருப்பு வெள்ளையாகக் கழுவி உருவத்தை மட்டுமே மீட்கலாம்.

எக்டாக்ரோம் படச்சுருளில் நிறமூட்டும் பொருள்கள் பூச்சுக்குள்ளேயே உள்ளன. அதைக் கழுவும் ஈ-6 என்னும் முறை எளிமையானது. மற்ற நிறுவனங்களின் ஸ்லைடு சுருளுக்கும் அதே முறை பொருந்துவதால், ஆய்வகங்கள் முற்றிலும் அழியவில்லை. 2012-இல் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம், திரும்ப வரும் என்று 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, 2018-இல் கடைகளுக்கு வந்தது. சில ஆண்டு இடைவெளிக்குள்ளாகவே அதன் மூலப்பொருள்கள் பல சந்தையிலிருந்து மறைந்திருந்தன. மாற்றுப் பொருள்களைக் கொண்டு செய்முறையைத் திருத்த வேண்டியிருந்ததே தாமதத்துக்குக் காரணம்.

ராச்செஸ்டர் ஆலை அதுவரை மூடப்படாமல் இருந்ததற்குத் திரைப்படத்துறையும் ஒரு காரணம். கிறிஸ்டோபர் நோலன், குவென்டின் டாரன்டினோ போன்ற இயக்குநர்கள் வலியுறுத்தியதை அடுத்து, ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் தொடர்ந்து படச்சுருள் வாங்க உடன்பட்டன. 2015-இல் கோடாக்குடன் ஒப்பந்தங்கள் உறுதியாயின. திரைப்படச் சுருளைச் செய்யும் ஆலையே ஒளிப்படச் சுருளையும் செய்ததால், பொழுதுபோக்காளர்களும் அதனால் பயன் பெற்றனர்.

பொழுதுபோக்காளர்களின் பங்கு

படச்சுருளை ஆலைகள் கைவிடத் தொடங்குவதற்கு முன்பே, அதை விளையாட்டாக எடுத்துக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. 1991-இல் வியன்னா மாணவர்கள் சிலர், லெனின்கிராடில் தயாரான எல்சி-ஏ என்ற சிறு சோவியத் கேமராவைப் பிராகா நகரில் கண்டெடுத்தனர். ஓரங்கள் இருண்டு, வண்ணங்கள் மிகுந்து வந்த அதன் படங்கள் அவர்களுக்குப் பிடித்துப்போயின. அதிலிருந்து லோமோகிராபி என்ற இயக்கமும், பின்னர் அதே பெயரில் ஒரு நிறுவனமும் வளர்ந்தன. ஒளிப்படம் பிழையில்லாமல் இருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கொள்கை.

பூஜிபில்ம் நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ் உடனடிக் கேமரா 1998-இல் வந்தது. 2002-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கேமராக்கள் விற்றன. சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு வீழ்ந்தது. நிறுவனம் அத்தொழிலை மூடாமல் தொடர்ந்தது. 2018-ஆம் நிதியாண்டில் விற்பனை ஒரு கோடியை எட்டியது. கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் வைத்திருக்கும் தலைமுறைதான், கையில் பிடித்துப் பார்க்க ஒரே ஒரு படம் தரும் இக்கேமராவை வாங்கியது.

பொழுதுபோக்காளர்கள் படச்சுருளுக்குத் திரும்புவதற்குப் பல காரணங்கள் உண்டு. சுருளில் 36 படங்களே உள்ளன என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாததால் கவனம் காட்சியிலேயே நிற்கிறது. பென்டாக்ஸ் கே-1000 போன்ற பழைய கேமராக்களில் ஒளிமானிக்கு மட்டுமே பேட்டரி தேவை. கேமராவின் மற்ற பகுதிகள் எந்திர விசையால் இயங்கும். துளை, வேகம், தூரம் ஆகிய மூன்றையும் தாமே அமைப்பதால் ஒளிப்படத்தின் அடிப்படை மாணவர்களுக்குப் புரிகிறது. நெகட்டிவ் கையில் தங்கும் பொருளாக இருப்பதும் ஒரு காரணம்.

கருப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவலாம். ஒளி புகாத பைக்குள் கையை விட்டு, சுருளைச் சுருள்தாங்கியில் ஏற்றி, மூடிய தொட்டியில் இட வேண்டும். பிறகு உருத்துலக்கி, நிறுத்துகரைசல், ஹைப்போ ஆகியவற்றை வரிசையாக ஊற்றி, இறுதியில் தண்ணீரில் அலசி, தூசி படாத இடத்தில் தொங்கவிட வேண்டும். உருத்துலக்கி பொதுவாக 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியை எட்டிவிடுவதால், பனிக்கட்டி வைத்துக் குளிர்விப்பது இங்கு முதலில் கற்க வேண்டிய பாடம். கழுவிய நெகட்டிவைத் தாளில் அச்சிடுவோர் இன்று குறைவு. பெரும்பாலோர் ஸ்கேன் செய்து கணினியில் பார்க்கின்றனர். இவ்வாறு டிஜிட்டல் முறை இன்று படச்சுருளுக்குத் துணையாகவும் இருக்கிறது.

நிறுவனங்களும் அறிவுத் தொடர்ச்சியும்

தேவை பெருகியதைக் கண்ட பெரிய நிறுவனங்கள் சில மீண்டும் இத்துறையில் நுழைந்தன. பூஜிபில்ம் 2018-இல் நிறுத்திய ஆக்ரோஸ் கருப்பு வெள்ளைச் சுருளை, 2019-இல் ஆக்ரோஸ்-2 என்ற பெயரில் மீண்டும் வெளியிட்டது. அதன் பெட்டியில் இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது என்று அச்சிடப்பட்டிருக்கிறது.

கேமரா தயாரிப்பிலும் இதே நிலை. பென்டாக்ஸ் வணிகப் பெயரை வைத்திருக்கும் ரிக்கோ நிறுவனம், புதிய படச்சுருள் கேமரா செய்யும் திட்டத்தை 2022 டிசம்பரில் அறிவித்தது. படச்சுருளை நகர்த்தும் நெம்புகோல் போன்ற எந்திர உறுப்புகளை வடிவமைத்தவர்கள் பணி ஓய்வு பெற்றுவிட்டிருந்தனர். இளம் பொறியாளர்கள் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர்களிடம் விளக்கம் கேட்டுக் கற்றனர். அவ்வாறு உருவான பென்டாக்ஸ்-17, 2024 ஜூன் மாதம் வெளிவந்தது. 36 படச் சுருளில் 72 அரைப்படங்கள் எடுக்கலாம். கைப்பேசியில் எடுப்பது போலப் படங்கள் நெட்டுவாக்கில் அமையும். மூத்தவர்கள் உயிருடனும் நினைவுடனும் இருந்த காலத்திலேயே இம்முயற்சி தொடங்கப்பட்டது இதன் வெற்றிக்கு உதவியது.

உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்

இந்தியாவுக்குத் தேவையான படச்சுருளை நாட்டிலேயே தயாரிக்கும் நோக்குடன், 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரான்சின் பொஷே நிறுவனம் தொழில்நுட்பம் அளித்தது. தூசியற்ற காற்றும், குளிர்ந்த தட்பவெப்பமும், தூய நீரும் கொண்ட உதகமண்டலம் இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது.

'இந்து' என்ற வணிகப் பெயரில் கருப்பு வெள்ளை ஒளிப்படச் சுருள், திரைப்படச் சுருள், அச்சுத் தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே படத்தகடு ஆகியவை அங்கிருந்து நாடெங்கும் சென்றன. தொழிலாளர் குடியிருப்பு வளர்ந்த பகுதிக்கு இந்து நகர் என்ற பெயர் ஏற்பட்டது. தேயிலையையும் சுற்றுலாவையும் பெரிதும் நம்பியிருந்த நீலகிரியில், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த ஆலை நிலையான மாதச் சம்பளம் தந்தது.

அதன் சரிவு டிஜிட்டலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. திரைப்படங்கள் வண்ணத்துக்கு மாறியதால் கருப்பு வெள்ளைச் சுருளின் தேவை குறைந்தது. பாலியெஸ்டர் அடிப்படையிலான எக்ஸ்ரே படத்தகட்டுக்காகப் பெரும் கடனில் புதிய ஆலை அமைக்கப்பட்டது. 1991-க்குப் பிந்தைய பொருளாதாரக் கொள்கை மாற்றங்களால் இறக்குமதிச் சரக்கு மலிவாக வரத் தொடங்கியது. 1990-களின் நடுப்பகுதியில் அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் மருத்துவமனைகளும் டிஜிட்டலுக்கு மாறின. 2014-இல் எஞ்சிய ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பின் ஆலை முற்றிலும் நின்றது.

இதை மோபர்லியுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு ஆலைகளும் கருப்பு வெள்ளைப் படச்சுருளில் தேர்ந்தவை. இரண்டும் கடனில் மூழ்கின. ஒன்று, எந்திரத்தை அறிந்த சிலரின் கையில் சிறிய அளவில் தொடர்ந்தது. மற்றொன்றில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை. சரிவின் காலமும் இதற்கு ஒரு காரணம். மோபர்லி கைமாறிய ஐந்தாறு ஆண்டுகளில் புதிய வாங்குவோர் வரத் தொடங்கினர். உதகை ஆலையோ அதற்கு வெகு முன்பே நலிந்துவிட்டது.

இன்றைய நிலை

படச்சுருள் பொழுதுபோக்கு இன்று செலவு மிகுந்தது. பெரிய அளவில் வண்ணப் படச்சுருள் செய்யும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று பராமரிப்புக்காக நின்றாலும் உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்படுகிறது. வெள்ளியின் விலை ஏறினால் சுருளின் விலையும் ஏறுகிறது. பழைய கேமராவைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகின்றனர். விமான நிலையங்களில் வந்துள்ள புதிய சி.டி. வகைச் சோதனைக் கருவிகள் கழுவாத சுருளைப் பாதிக்கின்றன.

இந்தியாவில் படச்சுருள் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பெரிய திரைப்படச் சுருளை வாங்கி, இருட்டில் வெட்டி, 35 மில்லிமீட்டர் உறைகளில் அடைத்து விற்கும் சிறு முயற்சிகளும் உள்ளன. பின்புறம் கரிப்பூச்சு உள்ள திரைப்படச் சுருளாக இருந்தால், அப்பூச்சைக் கழுவி நீக்க வேண்டும் என்பதால், சாதாரண ஸ்டுடியோ எந்திரங்களில் அதை இட முடியாது. அதற்கென்று தனியாகக் கழுவித் தரும் ஆய்வகங்கள் சில நகரங்களில் இயங்குகின்றன.

படச்சுருளின் மீட்சியை மக்களின் ஏக்கம் தொடங்கிவைத்தது. அதை நடத்திக் காட்டியவர்கள், எந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் அதைத் தடுத்த சிலரும், தமக்குத் தெரிந்த தொழிலை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்த சிலரும் ஆவர். மோபர்லியிலும் என்ஸ்கெடேவிலும் அவர்கள் நேரத்துக்குக் கிடைத்தனர். கோடாக்ரோமுக்கும் உதகைக்கும் கிடைக்கவில்லை. உதகை ஆலையின் எக்ஸ்ரே படத்தகடுகளும், 'இந்து' சுருளில் எடுத்த குடும்பப் படங்களும் இன்னும் பல வீடுகளின் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைத் தயாரித்த தொழிலாளர் பலர் நீலகிரியில் முதுமையில் வாழ்கின்றனர். இருட்டில் தொட்டே பூச்சின் தரத்தை அறிந்த அவர்களின் தொழிலறிவை எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைப்பது, உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் இன்றும் செய்யக்கூடிய பணியாகும்.